சுகந்தி தாதி வேலைக்குப் போன வாரம்

ஏப்ரல் 26, ஞாயிறு

விடியலிலிருந்தே மழை. பனி மூட்டம், எதிர் லயத்து வீடுகள் தெரியவில்லை.

காலை 6 மணிப் பூசைக்கு இருந்தவர்கள்: நான், இவர், மகள் சுகந்தி, அவளோடு போகும் ரோஸ்லின், ரோஸ்லினின் அம்மா, பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மூக்காயி அக்கா. ஆறு பேர். ரோஸ்லினின் அம்மா வாசலோடு நின்றார், கையில் மாதா படம். உள்ளே கூப்பிட்டேன். வந்தார்.

வடக்கே சண்டை. காயம்பட்ட சனம் வவுனியாப் பக்கம் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறதாம். தமிழும் சிங்களமும் பேசத் தெரிந்த பெண்பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு வேண்டும், மூன்று மாதம், சம்பளம் இல்லை என்று சர்ச் சிஸ்டர் கேட்டார். தோட்டத்து டிஸ்பென்சரியில் புண் கட்டிப் பழகிய இரண்டு பேரும் உடனே பேர் கொடுத்துவிட்டார்கள். என்னிடம் கேட்கவில்லை. சுகந்தி இவரிடம் கேட்டாளாம். இவர் தலையாட்டினாராம்.

மூக்காயி அக்கா: "அட்டை கடிச்சாலே ஊரக் கூட்டுற புள்ள. அங்க போயி என்னத்த கிழிக்கப் போறா?"

சுகந்தி: "முடியாட்டி உங்கள வரச் சொல்றேன் அக்கா. நீங்க ஒரு சத்தம் போட்டா சண்டையே நின்னுரும்."

சிரிப்பு. நான் சிரிக்கவில்லை.

பையில் வைத்தவை: வெள்ளைச் சட்டை 2, பழைய சேலை கிழித்த துணி 12 துண்டு, சவர்க்காரக் கட்டி 3, ஸ்வெட்டர் 1 (அங்கே வெயிலாம், வேண்டாம் என்று எடுத்துப் போட்டாள்), ரொட்டி 6, விபூதிப் பொட்டலம்.

கோயில் ஐயர் மந்திரித்துக் கொடுத்த தாயத்து. கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டினேன். "இது வேணாம்மா. பொட்டு வச்சாலே வழியில ஒரு மாதிரி பாக்குறாங்க" என்றாள். அவள் கையை என் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினேன். வீடு திரும்பும்வரை கழற்றக் கூடாது.

7.10 பஸ். ஜன்னல் பக்கம் இடம் கிடைக்கவில்லை. கை மட்டும் தெரிந்தது.

27, திங்கள்

போன் வரவில்லை. மழை. பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

இவர்: "சிக்னல் இருக்காது. சும்மா போனையே பாத்துக்கிட்டு இருக்காத."

அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

28, செவ்வாய்

பகல் 11 மணி. போனில் ரோஸ்லின்.

"அத்தை, நா வந்து சேந்துட்டேன். சுகந்தி வரல."

வழியில் ஒரு செக் பாயிண்டில் எல்லோரையும் இறக்கிச் சோதித்திருக்கிறார்கள். சோதித்த ஆமிப் பெண் சுகந்தியின் கழுத்துக் கயிற்றைப் பார்த்துவிட்டாள். புலி இயக்கத்துப் பிள்ளைகள் நஞ்சுக் குப்பியை அப்படித்தான் கட்டியிருப்பார்களாம். எனக்குத் தெரியாது. சாமி சத்தியமாக எனக்குத் தெரியாது.

"கழட்டுன்னாங்க அத்தை. கழட்டிக் காட்டிருந்தா விட்டிருப்பாங்க. இவ, 'அம்மா தலையில அடிச்சு சத்தியம் பண்ணிருக்கேன்'னு கயித்த இறுக்கிப் புடிச்சுக்கிட்டா. அது அவங்களுக்கு வேற மாதிரி பட்டுருச்சு. ஜீப்புல ஏத்திட்டாங்க."

எந்தப் பக்கம் போனது என்று ரோஸ்லினுக்குத் தெரியவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

29, புதன்

போலீசுக்குப் போனோம். எழுதிக்கொண்டார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அவர்களுக்கும் தெரியாதாம். நேரே போய்ப் பார்ப்போம் என்றேன். இவர், "நானும் போயி என்னையும் புடிச்சு வச்சா, அப்புறம் யாரு தேடுவா?" என்றார். பிறகு கொல்லைப் பக்கம் போய் வெகுநேரம் நின்றார்.

விளக்கு ஏற்றினேன். சாமியிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. கட்டியது சாமியின் தாயத்து. வாங்கியது என் சத்தியம்.

மாலை மறுபடி ரோஸ்லினின் போன். நல்ல செய்தி இல்லை. அழுதாள்.

"ஒரு கட்டிலுக்கு ரெண்டு பேரு. கீழயும் படுத்திருக்காங்க. தண்ணி தண்ணின்னு கேட்டு ஒரு அம்மா செத்துட்டாங்க அத்தை. நா கொண்டு போறதுக்குள்ள. இன்னும் ஒரு ஆளு இருந்திருந்தா..."

அந்த இன்னும் ஒரு ஆள் என் பிள்ளை.

30, வியாழன்

கினிகத்தேனை டவுனுக்குப் போனேன். அங்கே கடை வைத்திருக்கும் சிங்களப் பெண் குமாரி, வவுனியா ஆமிப் பெரியவருக்குச் சிங்களத்தில் கடிதம் எழுதித் தந்தாள். "சத்தியக் கதை போட வேணாம் அக்கா, அவங்களுக்கு விளங்காது" என்றாள். போடத்தான் வேண்டும் என்றேன். போட்டாள். அவள் தம்பி ஆமியில். அவனிடமிருந்தும் மூன்று வாரமாகப் போன் இல்லையாம். எழுதி முடிக்கும்வரை அதைச் சொல்லவில்லை.

தபாலில் பதிவு செய்து அனுப்பினேன். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதியது, ஞாபகத்துக்கு:

மதிப்புக்குரிய ஐயா, தாயத்தைக் கட்டியது நான். கழற்றாதே என்றதும் நான். விசாரிப்பதென்றால் என்னை விசாரியுங்கள், எங்கே சொன்னாலும் வருகிறேன். பிள்ளையை விட்டால் வீட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று இல்லை. ஆஸ்பத்திரியில் ஆள் போதவில்லையாம், அங்கேயே போகட்டும். இப்போது எங்கே இருக்கிறாள் என்று மட்டும் ஒரு வரி பதில் எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.