அருவிக்குப் போன வழி

கோலா கிளாவாங் ரப்பர் தோட்டம், மலாயா, மாசி 1926

தங்கச்சி பஞ்சாலைக்கு அண்ணன் வீரமுத்து எழுதுவது. நான் சுகம். அப்பாவுக்கு இருமல் நின்றதா?

லீவு நாளில் நானும் கூட்டாளி அமிர்தலிங்கமும் யாரிடமும் சொல்லாமல் காட்டுக்குள் அருவி பார்க்கப் போனோம். அருவிக்கு அப்பால் ரயில் ரோடு இருக்கிறதாம். சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வராமலிருக்க, பால் வெட்டும் கத்தியால் மரத்துக்கு மரம் கீறிக்கொண்டே நடந்தோம். மத்தியானம் அருவியில் கால் நனைத்தபோது பின்னால் கங்காணி நின்றார்.

"கோடு சுத்தமா வெட்டியிருக்கீங்கடா, கண்ணை மூடிக்கிட்டே வந்துட்டேன்" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். திரும்புகையில் என் துணிமூட்டையை அவரே தூக்கி வந்தார்.

காலெல்லாம் அட்டைக்கடி. யாராவது கப்பலேறினால் வேப்பெண்ணெய் கொடுத்தனுப்பு.

ஆள் எண்ண மணி அடிக்கிறது. புது விலாசம் எழுதுவதாகச் சொன்னேனே, அதற்குக் காத்திருக்காதே. பழைய விலாசத்துக்கே போடு.

வீரமுத்து