வலக்கண்ணில் தெரிந்த நீலம்

லுணுகலை,
ஞாயிற்றுக்கிழமை

என் மூத்த மகள் யசோதினிக்கு அப்பா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் தம்பி அஜந்தனும் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகன் நிமலனும் அந்த ஆக்லாந்துக் குளிரில் தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்குப் பிறகு என் கையெழுத்தைக் கண்டு பதறாதே, இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன செவ்வாய்க்கிழமை பதுளையில் வலக்கண்ணுக்குப் புரை எடுத்தார்கள். டொக்டர் ஷுக்ரி தங்கமான மனிதர், வலியே தெரியவில்லை. மறுநாள் கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்து முன் அறையில் கால் வைத்தேனா, ஐயோ மகளே, சுவர் பால் மாதிரி வெள்ளை! தீபாவளிக்குப் பெயின்ட் அடித்த ஜௌபரை, வெள்ளை கேட்டால் பழைய மஞ்சளைப் பூசிவிட்டாயே என்று கடைத்தெருவில் நாலு பேர் பார்க்கக் கிழித்தவன் நான். பாவம், "வெள்ளதான் சேர் அடிச்சேன்" என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். இடக்கண்ணைப் பொத்தினால் வெள்ளை, வலக்கண்ணைப் பொத்தினால் அழுக்கு மஞ்சள், ஒரே சுவர். மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்தபடி நிற்கிறேன், அஜந்தன் "என்னப்பா, கண்ணாமூச்சி வெளையாடுறீங்களா" என்று சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் அம்மாவுக்கு இவ்வளவு நரைத்துவிட்டது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான், இந்தச் சுவரைப்போல வேறு எதையெல்லாம் தப்பாகப் பார்த்தேனோ என்ற பயம் வந்தது. மேசை லாச்சிக்குள் குப்புறக் கிடந்த உன் கல்யாணப் படத்தை எடுத்தேன். இடக்கண்ணால் பார்த்தால் உன் கல்யாணச் சேலை அன்று கண்ட அதே சாம்பல் வெளுப்பு. வலக்கண்ணால் பார்த்தேன், நீலம். மழை விட்டதும் மடுல்சீமை மலைக்கு மேலே தெரியுமே, அந்த நீலம். படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடியும் பார்த்தேன், நீலமேதான். அன்று நான் சொன்னதை இன்று என் கையாலேயே எழுத வேண்டும். எங்களுக்கு விசா கிடைக்கும்வரை நீங்கள் கல்யாணத்தைத் தள்ளிப்போடவில்லை என்ற ஆத்திரத்தில் இருந்தேன், அந்த நேரத்தில் படம் வந்தது. "அப்பன் செத்துட்டாப்புல வெள்ளையக் கட்டிக்கிட்டுத் தாலி ஏத்திருக்கியே" என்று ஃபோனில் கத்தினேன். நீ அழுதுகொண்டே "நீலம்பா, உங்களுக்குப் புடிக்கும்னுதான் தேடி வாங்குனேன்" என்றாய். உன் அம்மாவும் "நீலந்தாங்க" என்றாள், மகளுக்குச் சப்பைக்கட்டு கட்டாதே என்று அவள் மேல் பாய்ந்தேன், என் கண்ணால் கண்டது பொய்யா என்று கேட்டேன். அதன் பிறகு உன் ஃபோனை எடுக்கவே இல்லை.

இதைச் சொன்னது யார்? இருபத்தாறு வருஷம் உயர்தர வகுப்புக்குக் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பித்த மாரிசாமி மாஸ்டர்! தம்ளர் தண்ணீருக்குள் கோடு போடும் அடிமட்டத்தை நிறுத்தி, வளைந்து தெரிகிறதே, வளைந்துதான் இருக்கிறதா என்று கேட்டவன். நோய் பிடித்த கண்ணுக்கு வெள்ளையும் மஞ்சளாகத் தெரியும், தெரிவது வேறு இருப்பது வேறு, இதற்காகத்தான் அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள் என்று தொண்டை வறளச் சொன்னவன். நீயும் அந்த வகுப்பில் முன் வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தவள்தானே. ஊரார் பிள்ளைகளையெல்லாம் அவரவர் கண்ணைச் சந்தேகிக்கச் சொன்னேன், என் கண்ணை ஒரு நாளும் சந்தேகிக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது மகளே. என்னை மன்னித்துவிடு. ஜௌபரிடம் நேற்றே போய்ச் சொல்லிவிட்டேன், அவன் பிளேன்டீ வாங்கிக்கொடுத்து அனுப்பினான். உன்னிடம் வரத்தான் கடல் தாண்ட வேண்டியிருக்கிறது.

பசறைப் பக்கம் மண் சரிந்து பஸ் நேரத்துக்கு வருவதில்லை, அதனால் இந்தக் கடிதம் பிந்தலாம். காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. அடுத்த மாதம் இடக்கண்ணுக்கும் செய்ய வேண்டும். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். புதுக் கண்ணுக்குக் கொஞ்ச நாள் நீலம் தூக்கலாகத்தான் தெரியும் என்று டொக்டர் சொன்னார். பார்த்தாயா, இந்தக் கண்ணையும் முழுசாக நம்ப முடியாது. எந்தக் கண் காட்டுவது சரி என்று இந்த வயதில் நான் எதற்கு விசாரிக்க வேண்டும். நீ நீலம் என்று சொன்னாய். அன்றைக்கே அது எனக்குப் போதுமாக இருந்திருக்க வேண்டும்.

நீங்கள் இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடும் குறையாத சந்தோஷத்தோடும் இருக்க என் ஆசீர்வாதம். ஞாயிறு தோறும் உன்னை நானே ஃபோனில் கூப்பிடுவேன். நீ கோபத்தில் எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, மணி அடிக்கட்டும், அடுத்த ஞாயிறும் கூப்பிடுவேன்.

உன் அப்பா,
மாரிசாமி