பச்சை அட்டைக் கொப்பி

2024 ஜூலை 8, திங்கள்

கம்பெனி பஸ் முந்தல் ஊருக்கு முன்பே பழுதாகி நின்றது. மிச்சத் தூரத்தை நடந்து போய்ச் சேர்ந்தோம். வாசலில் இருபது நிமிடம் பிந்தல் என்று எழுதிக்கொண்டார்கள். பஸ் கம்பெனியுடையது, பிந்தல் மட்டும் எங்களுடையதாம்.

நளீம் சேர் கூப்பிட்டார். எங்கள் இறால் தொழிற்சாலையின் மனேஜர். புதன்கிழமை சிலாபத்தில் ஒரு நாள் பயிற்சி இருக்கிறது, மனநல முதலுதவி. மனசு சரியில்லாதவர்கள் வந்து பேச ஒவ்வொரு தொழிற்சாலையிலும் ஓர் ஆள் வேண்டும் என்று இறால் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிறார்களாம். "ஒங்களுக்குச் சிங்களமும் தெரியும், வயசும் நாப்பதத் தாண்டிட்டு. பிள்ளையள் ஒங்களோட கதைக்கும், லெய்லா" என்றார். பதினாறு வருடமாக இறால் உரிக்கிற மேசைக்குப் பொறுப்பாக நின்று பெண்களை அதட்டிக்கொண்டிருப்பவள் நான். என்னோடு யார் கதைக்கப் போகிறார்கள்?

ஜூலை 10, புதன்

நல்ல சாப்பாடு. சொல்லித் தந்த டொக்டர் அம்மாவும் நல்லவர். குறுக்கே பேசாமல் கேளுங்கள், சொன்னதை வெளியே விடாதீர்கள் என்றார். அப்படி வந்து பேசுகிறவர்களுக்கு ஓய்வு கொடுப்பதும் வேலையைக் குறைத்துக் கொடுப்பதும் முதலாளியின் பொறுப்பு என்றார். எழுதிக்கொண்டேன். நளீம் சேர் எழுதிக்கொள்ளவில்லை, அவர் வரவில்லை.

பிறகு, ஆள் மிகவும் உடைந்திருந்தால் நேராகவே கேளுங்கள் என்றார் - சாக வேண்டும்போல் இருக்கிறதா என்று. இருவர் இருவராகக் கேட்டுப் பழகச் சொன்னார். எனக்குச் சோடி உப்பளத்திலிருந்து வந்த ஹயாத்து முகம்மது நானா. அவர் தலையை ஆட்டினார். "ஏலா தங்கச்சி. ஒரு முஸ்லிமுட்ட அதக் கேட்டா, அல்லாஹ்மேல ஈமான் இல்லண்டு மூஞ்சிக்கு நேர சொன்ன மாதிரி." எனக்கும் வாய் வரவில்லை. டொக்டர் அம்மா பக்கத்தில் வந்தபோது இருவரும் சும்மா உதட்டை அசைத்தோம். சான்றிதழ் கிடைத்தது.

ஜூலை 15, திங்கள்

அறிவிப்புப் பலகையில் என் படம். திருடியைப் பிடித்து ஒட்டியது போல் இருக்கிறேன். பூட்ஸ் வைக்கிற அறையில் உட்கார இரண்டு கதிரை போட்டிருக்கிறார்கள். ஒரு பச்சை அட்டைக் கொப்பியும் தந்தார்கள். பெயர், திகதி, பிரச்சினை, எடுத்த நடவடிக்கை. மாதக் கடைசியில் ஆபீசில் கொடுக்க வேண்டும். இரகசியம் என்றல்லவா படித்துத் தந்தார்கள் என்று கேட்டேன். ஆபீசுக்குள்ளே இருந்தால் இரகசியம்தானே என்றார் சேர்.

ஜூலை 23

யாரும் வரவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஃபஹ்மியாவின் தட்டில் இரத்தம். இறால் கொம்பு விரலில் ஆழமாகக் கிழித்திருக்கிறது, அவளுக்குத் தெரியவே இல்லை. நான் முதலில் கத்தியது தட்டு வீணாகிவிட்டது என்றுதான். அதை எழுதிவைக்கிறேன், மறக்கக் கூடாது.

கண்டக்குழி ஊர்ப் பிள்ளை, இருபத்தாறு வயது. மே மாதத்தில் ஏழு மாதக் குழந்தை வயிற்றிலேயே போனது. மூன்றாம் வாரம் வேலைக்கு வந்துவிட்டாள். லீவு இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பூட்ஸ் அறைக்குக் கூட்டிப்போய் மருந்து கட்டினேன். கொப்பியை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, என்ன என்று கேட்டேன். கட்டிய விரலைப் பார்த்தாள். "காலையில முழிப்பு வந்தா, ஏன் வந்திச்சிண்டு இருக்கு ராத்தா" என்றாள்.

டொக்டர் அம்மா சொன்னதைக் கேட்க வேண்டிய இடம் அதுதான். தெரிந்தது. நாக்கு நுனி வரை வந்தது. நான் சொன்னது, "சபூர் செய்யுங்க மகள், பொறுமையா இருங்க. அல்லாஹ் இரிக்கான்."

"ஓம் ராத்தா. சபூராத்தான் இரிக்கன்."

பிரச்சினை: மனச்சோர்வு. நடவடிக்கை: ஆலோசனை வழங்கப்பட்டது. கையெழுத்தும் போட்டேன். ஐஸ் மேசையிலிருந்து லேபல் ஒட்டுகிற இடத்துக்கு அவளை மாற்றச் சொல்லி சேரிடம் கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

கொப்பியைக் கொடுத்தேன். இத்தனை பக்கத்தில் ஒரே ஒரு பெயர்.

செப்டம்பர் 3, செவ்வாய்

ஃபஹ்மியாவுக்குக் கடிதம். எங்கள் எல்லோருக்கும் ஆறு மாத ஒப்பந்தம்தான். அவளுடையது ஆகஸ்டோடு முடிந்தது, புதுப்பிக்கவில்லை. 'பூரண குணமடைந்த பின் தொடர்புகொள்ளவும்.'

சேரிடம் ஓடினேன். லேபல் மேசைக்கு அல்லவா மாற்றச் சொன்னேன்? "மனசு சரியில்லண்டு நீங்கதானே எழுதித் தந்தீங்க. உள்ள வச்சு ஏதும் நடந்தா யார் பொறுப்பு? எனக்கும் மேல ஆக்கள் இரிக்காங்க." பொறுப்பு என்றால் ஆளை வாசலுக்கு வெளியே விடுவதா? அங்கே கேட்க வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன், பெரிய வீராங்கனை.

அவள் பூட்ஸைக் கழுவித் துடைத்துச் சோடியாக வைத்துவிட்டுப் போனாள். என்னைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 4

என் கையெழுத்து.

செப்டம்பர் 12, வியாழன்

பஸ்ஸில் கதை. முந்தநாள் ஃபஹ்மியா தன்னை முடித்துக்கொள்ளப் பார்த்தாளாம். அவளுடைய புருஷன் வீட்டு மாமி கண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். உயிர் இருக்கிறது. வெளியே வயிற்றுவலி என்று சொல்லியிருக்கிறார்கள், ஊருக்கு முழுக்கத் தெரியும்.

யா அல்லாஹ். அந்தப் பிள்ளை சொன்னாளே. என் முகத்தைப் பார்த்துச் சொன்னாளே. நான் என்ன செஞ்சன் - சபூர் செய்யச் சொன்னன். அவளுக்கு அது தெரியாதா? சின்ன வயசிலிருந்து அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

கண்டக்குழிக்குப் போனேன். தோடம்பழம் கொண்டுபோனேன், வேறு எதைக் கொண்டுபோவது? அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவளுடைய உம்மா தேத்தண்ணி போட எழுந்து போன நேரத்தில் கேட்டேன். நேராக, டொக்டர் அம்மா சொன்ன மாதிரியே. குரல் என்னுடையது போலவே இல்லை.

"ஓம்" என்றாள். "இப்பவும்."

வானம் இடிந்து விழவில்லை. அவள் அழவும் இல்லை. ஒரு சொல் சொன்னாள், அவ்வளவுதான். அன்றைக்கே நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா என்றேன்.

"தெரியா ராத்தா. ஒங்கட மடியில கொப்பி இருந்திச்சே."

வியாழக்கிழமை மனநலக் கிளினிக்குக்கு நானே கூட்டிப்போவதாக உம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 3, வியாழன்

லீவு கேட்டேன். அவள் இப்போது நம்முடைய ஆள் இல்லையே என்றார் சேர். சொல்லாமலே போனேன். மூன்று மணி நேரம் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தோம். பாதித் தோடம்பழம் சாப்பிட்டாள். மருந்து தந்தார்கள், ஒரு மாதத்தில் வரச் சொன்னார்கள். திரும்பும் வழியில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். இந்த மூன்று மாதத்தில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை.

அக்டோபர் 8, செவ்வாய்

அறிவிக்காமல் வராமல் இருந்ததற்காக மேசைப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி நானும் நின்று உரிக்க வேண்டும். பலகையில் என் படம் இருந்த இடத்தில், எங்கள் மேசையில் உரிக்கிற நஸ்லாவின் படம். போன கிழமை அவளையும் பயிற்சிக்கு அனுப்பினார்களாம். நல்ல பிள்ளை, படத்திலும் சிரிக்கிறாள்.

அக்டோபர் 31, வியாழன்

கிளினிக் நாள். ஃபஹ்மியாவின் போன் வேலை செய்யவில்லை. பக்கத்து வீட்டுக்கு எடுத்துக் கேட்டேன். மருந்து வேண்டாம், ஓதிப் பார்ப்போம் என்று மாமி எலுவன்குளத்துக்குக் கூட்டிப்போய்விட்டாராம். எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

நவம்பர் 7

நாலு மணிக்கே முழிப்பு. ஏன் வந்தது?

நவம்பர் 12

இன்றும்.

நவம்பர் 19, செவ்வாய்

உரித்த இறாலையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நஸ்லா வந்து கையைப் பிடித்தாள். பூட்ஸ் அறை, அதே இரண்டு கதிரை. இந்த முறை மற்றக் கதிரையில் நான்.

அவள் நன்றாகச் செய்தாள். கதவைச் சாத்தினாள், தண்ணீர் தந்தாள், அவசரப்படுத்தவில்லை. பிறகு என் கண்ணைப் பார்த்து, "ராத்தா, சாகணும்போல இருக்கா?" என்று கேட்டாள். என்னால் முடியாததை இருபத்திநாலு வயதுப் பிள்ளை குரல் நடுங்காமல் கேட்டாள். கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல் இருந்தது.

பச்சை அட்டைக் கொப்பி அவள் மடியில் விரிந்திருந்தது. ஃபஹ்மியாவின் பெயருக்குக் கீழே அடுத்த வரி வெறுமையாக இருந்தது. என் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது.

"இல்ல மகள்" என்றேன். "சபூராத்தான் இரிக்கன்."

அவளுக்கு ஆறுதலாக இருந்தது, முகத்தில் தெரிந்தது. கொப்பியை மூடினாள். நான் கையுறையைப் போட்டுக்கொண்டு மேசைக்குத் திரும்பினேன்.