சிஞ்ஞோரா துடைக்கச் சொன்ன கல்

2 நவம்பர் 1996, சனி. பலெர்மோ, இத்தாலி.

நான் வேலை செய்யும் வீட்டின் வயதான எசமானி, சிஞ்ஞோரா, இன்று என்னைத் தன் பிறந்த ஊருக்குக் கூட்டிப்போனார். மலை உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊர். பஸ் நின்ற இடத்திலிருந்து சேமக்காலை வரைக்கும் கற்படிகள். என் தோளைப் பிடித்தபடியே ஏறினார். ஆத்துமாக்களின் நாள் என்பதால் சேமக்காலையின் எல்லாக் கல்லறைகளிலும் செவ்வந்திப் பூ, குடும்பம் குடும்பமாக ஆட்கள். எங்களோடு ஒருவரும் இல்லை.

அவருடைய கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் இன்னொரு கல். அதில் சிஞ்ஞோராவின் பெயரும் பிறந்த வருடமும் வெட்டியிருந்தது. இறந்த வருடத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். அவர் கைப்பையிலிருந்து துணியை எடுத்து நீட்டினார். வீட்டு மேசையைத் துடைப்பதுபோல் அவர் பெயரைத் துடைத்தேன்.

"அந்த மூலையை விட்டிட்டாய்," என்றார்.

அதையும் துடைத்தேன்.

"மகன்மார் மிலானிலை. நான் இதுக்குள்ளை போன பிறகு ஆர் வந்து துடைக்கிறது? நீ வருவியோ?"

"ஓம் சிஞ்ஞோரா, வருவன்."

திரும்பும்போது, பஸ்ஸில்தான் உறைத்தது. இன்னும் எத்தனை வருடம் இங்கேயே இருப்பதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்?

மன்னாரில் இருக்கும் மகளுக்கு எழுதிய கடிதம் மேசையில் பாதியில் கிடக்கிறது. "அடுத்த நத்தாருக்கு அம்மா வாறன்" என்றுதான் ஒவ்வொரு கடிதத்தையும் முடிப்பேன். ஐந்து கிறிஸ்மஸ் வந்து போயும் அந்த வரியைக் கை தானாகவே எழுதும். இன்றைக்கு வரவில்லை.

அந்தக் கிழவிக்கு மட்டும் யோசிக்காமலே "வருவன்" என்று சொன்னேன்.