பெட்டித் தாளும் சுவர்த் தாளும்

அனுப்புநர்:
ம. எதுவார் (வயது 73),
ஓய்வுபெற்ற தட்டச்சர், பந்தோபஸ்துப் பிரிவு,
எண் 14, படகுத்துறைச் சந்து,
வைத்திக்குப்பம், புதுச்சேரி.

பெறுநர்:
சிறப்பு அலுவலர் அவர்கள்,
முக்கிய விருந்தினர் வருகை ஒருங்கிணைப்புப் பிரிவு,
புதுச்சேரி.

பொருள்: விருந்தினர் வருகையின்போது அடைக்கப்படும் சாலைகளையும் நேரத்தையும், காவல் இரகசியத்துக்கு ஊறு நேராதவாறு, முன்கூட்டி அறிவிக்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. எனது தகவல் உரிமை மனு, நாள் 22.09.2025.
2. தங்கள் பிரிவின் பதில், நாள் 17.10.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. என் மனைவி மர்த்துக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. செவ்வாயும் வெள்ளியும் தட்டாஞ்சாவடிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துகொண்டு உயிரோடு இருக்கிறாள். காலை ஆறு மணிக்கு இயந்திரம் அவளுக்கு, பத்தரைக்கு இன்னொருவருக்கு. ஒருவர் தாமதித்தால் அவருக்காக இயந்திரம் காத்திராது.

2. கடந்த 12.09.2025 வெள்ளிக்கிழமை விடியற்காலையில், வழக்கமாக வரும் கோபிநாத்தின் ஆட்டோவில் புறப்பட்டோம். தெரு முனையிலேயே இரும்புத் தடுப்பு. சுற்றிக்கொண்டு போன இடத்தில் இன்னொன்று. இப்படி நான்கு இடம். காவலர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள், குறை சொல்ல மாட்டேன். எப்போது திறப்பார்கள் என்று கேட்டதற்கு, "எங்களுக்கே தெரியாது சார், வயர்லெஸ்ல சொன்னா எடுத்துடுவோம்" என்றார் ஒருவர். மறிப்பவருக்கே தெரியாத ஒன்றை மறிக்கப்பட்டவன் யாரிடம் போய்க் கேட்பது? நாங்கள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதே கால். மறுநாள் இடம் கிடைப்பதற்குள் மர்த் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டி, இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். விருந்தினர் கடற்கரையில் காலை நடை போனதாகப் பிறகு செய்தித்தாளில் படித்தேன். நன்றாக நடக்கட்டும். முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் நான்கு மணிக்கே கிளம்பியிருப்போம், அவ்வளவுதான்.

3. என் மனைவி தகப்பனார் வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை உடையவள். நான் இந்தியக் குடிமகன். ஆகவே தகவல் உரிமை மனுவை என் பெயரில் அனுப்பினேன். சாலை அடைப்பு விவரம் ஏன் முன்கூட்டி வெளியிடப்படவில்லை என்று கேட்டிருந்தேன். மாதிரிக்காக, 1986ஆம் ஆண்டு இதே ஊரில் ஒட்டப்பட்ட பொது அறிவிப்பின் நகல் ஒன்றும் கேட்டிருந்தேன். இரண்டுமே பாதுகாப்பு சார்ந்த இரகசியம், தர இயலாது என்று பதில் வந்தது. ஐயா, அந்த 1986ஆம் ஆண்டு அறிவிப்பைத் தட்டச்சு செய்தவன் நான். மைதா மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் போட்டு, வாளியை சைக்கிளில் மாட்டிக்கொண்டு போய் ஊர் முழுக்க ஒட்டியவனும் நான். ஊரே படித்த காகிதம் எந்தத் தேதியிலிருந்து இரகசியமானது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

4. அந்நாளில் எங்கள் பிரிவுக்கு ஆய்வாளர் திரு. சாமிக்கண்ணு பொறுப்பாக இருந்தார். யார் வந்தாலும் அவர் இரண்டு தாள்கள் அடிக்கச் சொல்வார். எந்தக் காவலர் எங்கே நிற்பார், எந்த மாடியில் யார், கார் எந்த வரிசையில் வரும் என்பதெல்லாம் முதல் தாளில். அது மூன்றே படி. அடித்து முடித்ததும் கார்பன் காகிதத்தை அவர் கண்ணெதிரே கொளுத்த வேண்டும். ரிப்பனைக் கழற்றித் தாளோடு சேர்த்து இரும்புப் பெட்டியில் பூட்ட வேண்டும். அதைப் பெட்டித் தாள் என்போம். எந்தெந்தத் தெரு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை அடைப்பு, ஆஸ்பத்திரிக்கும் சாவு ஊர்வலத்துக்கும் எந்த வழி என்பது இரண்டாவது தாள். அது சுவர்த் தாள். ஸ்டென்சிலில் இருநூறு படி, தமிழிலும் பிரெஞ்சிலும். மூன்று நாளுக்கு முன்பே ஒட்டிவிட வேண்டும்.

5. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் விரலில் ஸ்டென்சில் மை ஒட்டியிருப்பதுபோல் இருக்கிறது. பெரிய மார்க்கெட், மாதா கோயில் வாசல், பேருந்து நிலையம், வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் இடம். வாளியோடு என்னைக் கண்டாலே கூட்டம் கூடிவிடும். "முசியே, நாளான்னிக்கு எந்தப் பக்கம் கூடை தூக்கணும்?" என்று கேட்டபடி ஓடி வருவார் மீன்காரம்மா செல்வாம்பாள். நேரம் தெரிந்ததால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்று விருந்தினரைப் பார்த்தவர்களும் உண்டு. சிவப்புக் கெப்பித் தொப்பி வைத்த காவலர் பிள்ளைகளை முன்வரிசைக்குத் தள்ளிவிடுவார். ஒரு முறை பள்ளிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தபோது, என் பிரெஞ்சில் இருந்த பிழையைக் காட்டிச் சிரித்த ஆசிரியைதான் மர்த். அடுத்த தாளிலிருந்து அவளிடம் திருத்தி வாங்கிக்கொண்டுதான் ஒட்டினேன். எங்கள் கல்யாணத்துக்கு அந்தச் சுவர்த் தாளே தரகர்.

6. இரகசியம் கசிந்தால் என்ன ஆகும் என்று தங்கள் பதிலில் எனக்குப் பாடம் சொல்லப்பட்டிருக்கிறது. அது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதை முப்பத்தொன்பது ஆண்டுகளாக யாருக்கும் எழுதியதில்லை, இப்போது எழுதுகிறேன். இதற்காக என் ஓய்வூதியத்தில் கைவைப்பதானால் வைத்துக்கொள்ளுங்கள். 1986 மார்கழியில், அவசரத்தில் ஒரு பெட்டித் தாள் சுவர்த் தாள் கட்டுக்குள் போய்விட்டது. மீன் விற்கும் இடத்துச் சுவரில் அதை என் கையாலேயே ஒட்டிவிட்டேன். அலுவலகத்தில் எண்ணிப் பார்த்தால் பெட்டியில் இரண்டே படி. ஆய்வாளரும் நானும் ஓடினோம். சுவரில் ஈரப் பசை மட்டும் இருந்தது, தாள் இல்லை. செல்வாம்பாள் எங்களைப் பார்த்ததும் முந்தானையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "தெரு பேரா இல்லாம போலீசு பேரா இருந்துச்சி. இது உங்க வூட்டுக் காயிதம், எங்களுக்கு எதுக்கு? எவனும் பாக்கறதுக்குள்ள உரிச்சிட்டேன்" என்றார். மூன்றாம் வகுப்போடு நின்ற அந்த அம்மாளுக்கு, எது சொல்லலாம், எது சொல்லக்கூடாது என்று தெரிந்திருந்தது.

7. அன்று காவலர்கள் நிற்கும் இடங்களை எல்லாம் மாற்றிப் புதிதாக அடித்தோம். இனிமேல் சுவர்த் தாளே வேண்டாம் என்று நான்தான் அழுதுகொண்டே சொன்னேன். ஆய்வாளர் என்னை முறைத்தார். "தாளு தப்பா போச்சின்னா தாளத்தான் கிழிக்கணும். செவுத்தயா இடிப்பாங்க? போய் மிச்சத்த ஒட்டுடா" என்றார். ஒட்டினேன். விருந்தினர் வந்தார், போனார்; ஒருவர் மேல் ஒரு கீறல் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, மறைக்க வேண்டியதைப் பிரித்துவிட்டு மீதியைத் தரலாம் என்கிறது. சட்டம் வருவதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே அதைச் செய்துகொண்டிருந்த மனிதரின் கீழ் வேலை பார்த்ததில் எனக்குப் பெருமை உண்டு. அவர் இன்று இருந்திருந்தால் இந்த மனுவுக்குத் தேவை வந்திருக்காது.

8. ஆகவே, காவலர் நிற்கும் இடமோ, கார் வரும் வரிசையோ எனக்கு வேண்டாம். கொடுத்தாலும் வாங்க மாட்டேன். அடைக்கும் தெருக்களின் பெயரும் நேரமும், நோயாளிகள் போக ஒரு வழியும் ஒரு நாள் முன்பாவது மக்களுக்குத் தெரிய வேண்டும். சுவரில் ஒட்டுங்கள், கைப்பேசியில் அனுப்புங்கள், ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். பசை காய்ச்ச ஆள் இல்லையென்றால் நான் இருக்கிறேன்.

9. அடுத்த மாதம் இன்னொரு விருந்தினர் வருவதாகப் பேச்சு அடிபடுகிறது. நேரில் வந்து கேட்டேன். உறுதி செய்யவும் இயலாது, மறுக்கவும் இயலாது என்றார்கள். பிரான்சில் இருக்கும் மகள் ஏலோதி எங்களை அங்கே வந்துவிடச் சொல்கிறாள். மர்த் மறுக்கிறாள், பகலில் தைரியமாகத்தான் பேசுகிறாள். ஆனால் வியாழக்கிழமை வந்தால் "நாளைக்கு வழி இருக்குமா?" என்று என்னைக் கேட்கிறாள். இந்த ஊருக்கே வழி சொன்னவன், பதில் தெரியாமல் நிற்கிறேன். அது எனக்கு மிகவும் வலிக்கிறது ஐயா.

10. தங்கள் நாளைத் தாங்கள் சொல்ல இயலாதென்றால், எங்கள் நாளை நான் சொல்லிவிடுகிறேன். செவ்வாய், வெள்ளி. காலை 5.25க்குப் புறப்பாடு. படகுத்துறைச் சந்திலிருந்து வடக்கே திரும்பி, தட்டாஞ்சாவடி. ஒரே ஆட்டோ, ஓட்டுநர் கோபிநாத். இடப்பக்கம் நீலச் சால்வை போர்த்திய அம்மாள். அவள் கையைப் பிடித்தபடி வலப்பக்கம் நான். திரும்புவது 10.45. இதில் இரகசியம் ஒன்றும் இல்லை. தடுப்பில் நிற்கும் ஒவ்வொரு காவலர் கையிலும் இதன் ஒரு படி இருக்கச் செய்து, என் மனைவியின் வண்டிக்கு வழி விடுமாறு தங்களை மிகுந்த பணிவுடன் வேண்டுகிறேன்.

இணைப்பு: திருமதி மர்த் எதுவார் அவர்களின் பயண விவரம் – இருபது படிகள்.

இடம்: புதுச்சேரி
நாள்: 19.11.2025

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
ம. எதுவார்
(ஒப்பம்)