முதலில் ஏரி, அப்புறம் பொலிஸ்

மேல் பிரிவு, தேயிலைத் தோட்டம், தலவாக்கலை
2025 மார்ச் 2, ஞாயிறு இரவு

அன்புள்ள ஊர்மிளா அக்காவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். நீங்கள் நலமாக இருங்கள். இங்கே நாங்கள் நலமில்லை.

போன் ஏன் எடுப்பதில்லை என்று கோபித்திருப்பீர்கள். போன் இல்லை. பெப்ரவரி இருபதாம் திகதி அப்பா அதை அடுப்புக் கல்லில் அடித்து உடைத்தார். அன்றைக்கு அம்மா உங்களோடு பேசிச் சிரித்ததை வெளியில் நின்று கேட்டிருக்கிறார். "என்னயப் பத்தி என்னடி சிரிப்பு?" என்று விறகுக்கட்டையை எடுத்தார். முதல் அடியை அம்மா வலது கையால் தடுத்தார். இரண்டாவது அடியில் எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. காய்ந்த சுள்ளியை ஒடிப்பது மாதிரி, சின்னச் சத்தம்தான்.

ஆஸ்பத்திரியில் அம்மா வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். டாக்டர் நம்பவில்லை. பொலிசுக்கு எழுதிவிட்டார். வருகிற பதினான்காம் திகதி நுவரெலியாவில் விசாரணை. மூன்று பேரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து அப்பா குடிப்பதில்லை. அம்மாவுக்குச் சோறு போட்டுக் கொடுக்கிறார். "போறதுதான் போறோம், எல்லா வேலையையும் ஒரே நாள்ல முடிச்சிருவோம். காலையில கிளினிக், அப்புறம் ஒனக்கு ஐடி படம், காலுக்குச் சப்பாத்து, மத்தியானம் பொலிசு. முடிச்சிட்டு ஏரிக்குப் போயி போட்டு ஓட்டுவோம்டி" என்கிறார். நேற்று எனக்குத் தலை வாரிவிட்டார். வாரிக்கொண்டே, "பொலிசுல என்ன சொல்லுவ?" என்றார். "அம்மா கொழுந்து மூட்டையோட வழுக்கி விழுந்தாங்க, நான் பாத்தேன்" என்றேன். மூன்று முறை சொல்ல வைத்தார். நான் திக்கிய இடங்களில் சீப்பின் முதுகால் மண்டையில் கொட்டினார்.

அக்கா, நான் என்ன சொல்லட்டும்?

பதிலைத் தோட்டத்து விலாசத்துக்குப் போடாதீர்கள். டவுனில் ஜீவராணி அக்காவின் தையல் கடைக்குப் போடுங்கள். பள்ளி விட்டு வரும்போது வாங்கிக்கொள்வேன். அடுத்த வீட்டு அழகம்மா அக்கா போன் தருவார். ஆனால் ஒற்றைச் சுவர் பிரிக்கிற லயத்தில் போன் பேசினால் வரிசையில் இருக்கிற இருபது காம்பராவுக்கும் கேட்கும்.

பயத்துடன்,
தனு

---

கட்டுநாயக்க
2025 மார்ச் 8

என் தங்கச்சி தனுவுக்கு,

உன் கடிதத்தைத் தையல் மெஷினுக்கு அடியில் வைத்து வாசித்தேன். எல்லாரையும் சிங்களத்தில் தங்கச்சி என்று கூப்பிடுகிற சூப்பர்வைசர் வந்து, "என்ன நங்கி, லவ் லெட்டரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாலு வருசத்துக்கு முன்னால் அம்மாவுக்குப் பல் உடைந்ததே, அப்போதும் விசாரணை வந்தது. கதவு இடித்ததாகச் சொல்லும்படி அம்மாதான் என்னிடம் கெஞ்சினார். சொன்னேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா எனக்கு ஐஸ்பழம் வாங்கிக் கொடுத்தார். அதைத் தின்றேன். அதற்குப் பிறகு இன்றுவரை ஐஸ்பழம் தொட்டதில்லை. அடுத்த மாதம் வீட்டை விட்டுக் கிளம்பினேன்.

நீ உண்மையைச் சொல். நான் லீவு போட்டுவிட்டேன். பதினான்காம் திகதி ரெண்டு மணிக்கு ஏரிப் பார்க் வாசலில் நிற்பேன். பொலிஸ் முடிந்து அங்கேதானே வருவீர்கள். உன்னை என்னோடு கூட்டிப்போகிறேன். அம்மா வந்தால் அம்மாவையும்.

அம்மாவும் மனதைத் தயார்படுத்த வேண்டும் என்று அவர் பேருக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். பயப்படாதே. காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டில் கங்காணி பேர் கூப்பிட்டு அவரவர் கையில்தானே கடிதம் கொடுப்பார். அம்மா ஒரு நாளும் பெரட்டுக்குப் போகாமல் இருந்ததில்லை.

உன் அக்கா,
ஊர்மிளா

---

மேல் பிரிவு
2025 மார்ச் 14, வெள்ளி இரவு

அக்கா,

கை முறிந்தவர் எப்படிப் பெரட்டுக்குப் போவார்? அம்மா மூன்று வாரமாக வேலைக்கே போகவில்லை. அம்மா பேரைக் கூப்பிட்டபோது ஆண்டியப்பன் கங்காணி, "அழகுமுத்து, ஒன் வீட்டுக் காயிதம்டா, மக ஞாபகம் வச்சிருக்கா" என்று சொல்லி அப்பா கையில் கொடுத்திருக்கிறார். திங்கட்கிழமையே கொடுத்தாராம். நான்கு நாளாக அப்பா மூச்சு விடவில்லை. எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

காலையில் பஸ் விட்டு இறங்கியதும், "மத்தியானம் மழை வரும். மொதல்ல ஏரி, அப்புறம் மத்த வேலை" என்றார். ஒன்பது மணிக்கு உள்ளே போய்விட்டோம். அன்ன வடிவப் படகு ஒன்று எடுத்தார். அம்மாவும் நானும் பின்னால். அவர் முன்னால் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு மிதித்தார். நடு ஏரிக்கு வந்ததும் மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சட்டைப் பையிலிருந்து உங்கள் கடிதத்தை எடுத்தார். சத்தமாக வாசித்தார். "'ரெண்டு மணிக்கு ஏரி வாசலில் நிற்பேன். தங்கச்சி உண்மையைச் சொல்லும்போது நீங்களும் பொய் சொல்லாதீங்க அம்மா.' நல்லா எழுதியிருக்கால்ல? பரிசு குடுக்கணும்."

திரும்பி, கட்டுப் போட்ட கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினார். முழங்கை வரை. படகு சாய்ந்தது. நான் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். மறு கையால் என் கன்னத்தில் அறைந்தார். காதுக்குள் விசில் சத்தம் கேட்டது, இன்னும் நிற்கவில்லை. "இந்தத் தண்ணி எம்புட்டு ஆழம்னு ரெண்டு பேருக்கும் காட்டவா?" பக்கத்துப் படகில் வெள்ளைக்காரர்கள் போனார்கள். கையை அசைத்தார்கள். அப்பாவும் சிரித்துக்கொண்டே கையை அசைத்தார். அம்மா கத்தவே இல்லை. உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்தது.

அப்புறம் வேலைகளை ஒவ்வொன்றாக முடித்தோம். கிளினிக்கில் ஊறிப்போன கட்டைப் பார்த்துத் திட்டினார்கள். "புள்ளையோட வெளையாடுனா மிஸ்" என்றார் அப்பா. படம் எடுக்கும் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து, "வீங்கியிருக்கே. ஐடி-ல காலத்துக்கும் இந்த மூஞ்சிதான் இருக்கும், வேறொரு நாளைக்கு வாங்களேன்" என்றார். "இன்னைக்கே எடுங்க, அவ மூஞ்சி எப்பவும் அப்பிடித்தான்" என்றார் அப்பா. எடுத்தார்கள்.

பொலிசில் ஒரு சிங்கள மிஸ் இருந்தார். அப்பாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, "நங்கி பயப்பட வேணாம், சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டேன் அக்கா. விறகுக்கட்டை, படகு, எல்லாம். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து, "பொய் சொல்லுது மிஸ்! மூத்தவ சொல்லிக் குடுத்தது. நான் வழுக்கித்தான் விழுந்தேன்" என்று அழுதார். மிஸ் திரும்பத் திரும்பக் கேட்டார். அம்மா அதையேதான் சொல்லிவிட்டு வெளியே போனார். "நங்கிக்கு வீட்டுக்குப் போகப் பயம்னா போக வேணாம். பாதுகாப்பான எடத்துக்கு அனுப்புறேன்" என்றார் மிஸ். நான் சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அம்மா தனியாக அப்பாவோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடக்கிறார். ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன்.

நீங்கள் ரெண்டு மணிக்கு வாசலில் நின்றிருப்பீர்கள். ரெண்டு மணிக்கு நாங்கள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம்.

அப்பா இன்னும் அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

தனு

---

கட்டுநாயக்க
2025 மார்ச் 16

தனு,

ஆறு மணி வரை மழையில் நின்றேன். பொலிசுக்கு ஓடினேன். அந்த மிஸ் எல்லாம் சொன்னார். தலவாக்கலை பஸ் ஏறி வந்து இறங்கினேன். தோட்டத்துப் பாதையில் ஏற எனக்குக் கால் வரவில்லை. அப்பா முகம் ஞாபகம் வந்தது. இரவு ரயிலில் திரும்பிவிட்டேன். கடிதம் போட்டுக் கெடுத்ததும் நான், பாதி வழியில் ஓடியதும் நான். உன் காலில் விழுகிறேன்.

ஆனால் அம்மாவை இனி மன்னிக்க மாட்டேன். என்னைச் சொல்ல வைத்த பொய்யை உன் முன்னால் தானே சொல்லியிருக்கிறார். அவருக்கு அந்த ஆள்தான் வேண்டும் என்றால் இருக்கட்டும். என் பேரை அவரிடம் சொல்லாதே.

ஊர்மிளா

---

மேல் பிரிவு
2025 மார்ச் 18, செவ்வாய் இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் இன்று கிடைத்தது. கோபிக்காமல் இதைக் கடைசி வரை வாசியுங்கள்.

இன்று மாலை அப்பா குடித்துவிட்டு வந்தார். கதவைத் தாழ் போட்டார். இடுப்புப் பட்டியைக் கழற்றி, "பொலிசுல பேசுன வாயத் தொற, பாப்பம்" என்றார். முதுகில் எத்தனை அடி என்று தெரியவில்லை. நான் சுவரோரம் விழுந்ததும் பட்டியை என் கழுத்தில் சுற்றினார். எனக்குக் கண் இருட்டியது.

அடுத்த காம்பராவில் டீவியைக் கூட்டி வைத்தார்கள். நம் வீட்டில் அடி விழுந்தால் எப்போதும் செய்வதுதானே.

அம்மா இடது கையால் சட்டியைத் தூக்கி அப்பா தலையில் அடித்தார். கொதிக்கிற பருப்போடு. அவர் அலறிக்கொண்டு என்னை விட்டார். அம்மா தாழைத் திறந்து வாசலில் நின்று கத்தினார். அம்மாவுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. "டீவிய நிப்பாட்டுங்கடி! எல்லாரும் கேளுங்க! நான் வழுக்கி விழல! இவன்தான் என் கைய ஒடிச்சான், இவன்தான் என் பல்ல ஒடைச்சான், இப்ப என் புள்ளயக் கொல்லுறான்! இருபத்திரெண்டு வருசமா ஒங்களுக்குக் கேக்கலயா?"

டீவி நின்றது. அப்புறம் அதற்கடுத்த காம்பராவிலும் நின்றது. அழகம்மா அக்கா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு வந்தார். பின்னாலேயே மற்றப் பெண்கள். அப்பா அவர்களைப் பார்த்துவிட்டுப் பின்பக்கமாக மலையில் ஏறி ஓடினார். இன்னும் வரவில்லை. எங்களை அழகம்மா அக்கா வீட்டில் படுக்க வைத்திருக்கிறார்கள். எல்லாரும் தூங்குகிறார்கள். சருகு அசைந்தால்கூட நான் எழுந்து போய்த் தாழைப் பார்க்கிறேன்.

அன்றைக்கு ஏன் பொய் சொன்னீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். "உண்மையச் சொன்னா ஒன்னயக் கொன்னுருவான்னு நெனச்சேன். சொல்லாட்டியும் கொல்லத்தானே பாத்தான்" என்றார்.

நாளைக் காலையில் முதல் பஸ்ஸில் பொலிசுக்குப் போகிறோம். லயத்திலிருந்து ஆறு பெண்கள் கூட வருகிறார்கள். கொழுந்து நிறைய இருக்கிற நேரம். ஆறு பேருக்கும் நாளைக்குப் பேர் விழாது, கூலி இல்லை. அழகம்மா அக்கா, "ஒரு நாளு போனாப் போவுது" என்றார்.

உங்கள் பேரை அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றீர்கள். சொல்லவில்லை. அவரே சொன்னார். "மூத்தவளுக்கு எழுது. அவளையும் நாந்தான் பொய் சொல்ல வச்சேன்னு நாளைக்கு மிஸ்கிட்டச் சொல்லுவேன். அதையும் எழுதிக்கச் சொல்லுவேன். அப்புறமா அவ வர்றதும் வராததும் அவ இஷ்டம்."

நீங்கள் வருவீர்களா, அக்கா?

தனுஷிகா