கேப்டன் கப்பலைத் திருப்பிய பாகம்

தொம்மலூர்,
12.1.2003

என்னங்க,

கே.ஜி.எஃப்.பில் குளிர் அதிகமாமே. ஸ்வெட்டரை இங்கேயே விட்டுப் போய்விட்டீர்கள்.

இன்று ஜெயவேலு அண்ணனும் ரோஸியும் வழக்கம்போல அந்தப் பழைய விண்வெளித் தொடரைப் பார்க்க வந்தார்கள். நீங்கள் ஊருக்குப் போனது அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் இல்லாததையும் மாலை போட்ட கவியின் படத்தையும் பார்த்ததும் கிளம்பப் பார்த்தார்கள். நான்தான் உட்காரச் சொன்னேன்.

காணாமல்போன தம்பியைத் தேடுவதை நிறுத்திவிட்டுக் கேப்டன் கப்பலைத் திருப்புவானே, அந்தப் பாகம். கவி எப்போதும் கேப்டன் பக்கம். நீங்கள்தான், கடைசிவரை தேடியிருக்க வேண்டும் என்று அவனோடு மல்லுக்கு நிற்பீர்கள்.

"இன்னொரு நாளு தேடியிருக்கலாம்பா. கல்லு மனசு அவனுக்கு" என்றாள் ரோஸி.

"திருப்பச் சொன்னப்போ அவன் முகத்தப் பாத்தியா ரோஸி?" என்று கேட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் கவியின் மூச்சு மெஷினை நிறுத்த டாக்டர் காகிதத்தை நீட்டியபோது, நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. தனியாகக் கையெழுத்துப் போட்டீர்கள். எல்லார் முன்னாலும், "எம் புள்ளயக் கொன்னுட்டீங்க" என்று கத்தினேன்.

அவன் இனி எழமாட்டான் என்று டாக்டர் சொன்னது எனக்கும் புரிந்துதான் இருந்தது. யார் மேலாவது பழி போட வேண்டியிருந்தது. பக்கத்தில் நீங்கள் இருந்தீர்கள்.

வாருங்கள் என்று கூப்பிட எனக்கு வாயில்லை. அவன் அறை அன்றிலிருந்து பூட்டியே கிடக்கிறது. தனியாகத் திறக்க என்னால் முடியவில்லை.

இப்படிக்கு,
அவனுடைய அம்மா